கூட்டம் சேராமல் அடுத்த ஊர் கிடையாது: பழைய பார்ட்டி ஆர்பிஜி கேம்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2023-இல் பால்டர்ஸ் கேட் 3 என்ற கணினி கேம் வந்த பிறகு, "அப்படியென்றால் 1, 2 எல்லாம் எப்படி இருக்கும்?" என்று கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள். அத்தை மகன் கேட்டான், அலுவலகத்தில் பக்கத்து சீட்டுக்காரர் கேட்டார், ஒரு கல்யாணப் பந்தியில் ரசத்துக்கும் மோருக்கும் நடுவே ஒருவர் கேட்டார். தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் நடுநிலையான ஆள் இல்லை என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

"பார்ட்டி" என்றால் என்ன? யார் யாருக்குக் கொடுக்கிற விருந்து?

விருந்தும் இல்லை, அரசியல் கட்சியும் இல்லை. சேர்ந்து பயணம் போகிற செட்டு. இந்த வகை கேமில் நீங்கள் ஒரே ஒரு நாயகனை ஓட்டுவதில்லை. நாலு பேரோ ஆறு பேரோ உங்கள் பொறுப்பில் இருப்பார்கள். முன்னால் நின்று அடி வாங்க ஒருவன், பின்னாலிருந்து மந்திரம் போட ஒருத்தி, காயத்தை ஜெபம் சொல்லி ஆற்ற ஒருவர், பூட்டைத் திறக்கவும் பொறியைக் கண்டுபிடிக்கவும் ஒரு திருடி. இத்தனை பேரையும் மேய்த்துக்கொண்டு காடு, குகை, பாழடைந்த கோட்டை என்று அலைய வேண்டும். ஆர்பிஜி என்பது ரோல் பிளேயிங் கேம் என்பதன் சுருக்கம். ஒரு பாத்திரமாக மாறி ஆடுவது.

நான் இங்கே பெரும்பாலும் பேசப்போவது 1998 டிசம்பரில் வந்த முதல் பால்டர்ஸ் கேட் பற்றி. கனடாவின் எட்மன்டன் நகரத்தில் இருந்த பயோவேர் செய்தது, இன்டர்பிளே வெளியிட்டது. பயோவேரைத் தொடங்கியவர்கள் மருத்துவம் படித்த டாக்டர்கள் என்பது எனக்கு இன்றும் வேடிக்கைதான்.

இந்த வகையே பால்டர்ஸ் கேட்டில்தான் தொடங்கியதா?

இல்லை. வேர் 1974-இல் வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டில் இருக்கிறது. நண்பர்கள் வட்டமாக உட்காருவார்கள். ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். கதவை உடைத்தாயா, அடி பட்டதா என்பதைப் பகடை சொல்லும். சரி, நண்பர்கள் வரவில்லை. வீட்டில் கணினி மட்டும் இருக்கிறது. அப்போது என்ன செய்வது? அத்தனை பேரின் இடத்தையும் ஒருவரே நிரப்ப வேண்டியதுதான். பார்ட்டி கேம் பிறந்த கதை இதுதான் என்று நான் நினைக்கிறேன்: வராத நண்பர்களுக்கு ஒரு மாற்று ஏற்பாடு.

1981-இல் ஆப்பிள் 2 கணினிக்கு விசர்ட்ரி வந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்த ஆண்ட்ரூ கிரீன்பெர்க், ராபர்ட் உட்ஹெட் இருவரும் செய்தது. ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு பூமிக்கு அடியில் 10 தளம் இறங்க வேண்டும். ஒவ்வொரு தளமும் 20-க்கு 20 கட்டம். அடித்தளத்தில் காத்திருக்கும் வில்லன் பெயர் வெர்ட்னா. ஆண்ட்ரூ என்பதை ஆங்கிலத்தில் கடைசியிலிருந்து முதலுக்கு எழுதினால் அதுதான். அவன் திருடிய தாயத்தை மீட்டு வா என்று அனுப்புகிற மன்னர் ட்ரெபோர், ராபர்ட்டைத் திருப்பிப் போட்டவர். கல்லூரிப் பையன்களின் குறும்பு அந்தக் கேம் முழுக்க இருக்கிறது.

ஆனால் இரக்கம் கிடையாது. ஒருவன் செத்தால் அந்தச் சாவு உடனே ஃபிளாப்பி வட்டில் எழுதப்பட்டுவிடும். பிணத்தை மேலே தூக்கிவந்து கோயிலில் காசு கட்டினால் உயிர் வரலாம், வராமலும் போகலாம். வராவிட்டால் ஆள் சாம்பல். சாம்பலுக்கும் ஒரு வாய்ப்பு உண்டு. அதுவும் தவறினால் பெயரே பட்டியலிலிருந்து போய்விடும். மாதக்கணக்கில் வளர்த்த ஆள்.

கிராஃப் தாளில் வரைபடம் வரைந்தார்களாமே, உண்மையா?

உண்மை. விசர்ட்ரி வரைபடம் காட்டாது. ஓர் அடி வைத்தால் ஒரு கட்டம், சுவர் இருந்தால் ஒரு கோடு என்று நீங்களே வரைய வேண்டும். காலடியில் தரை ஓசையில்லாமல் சுழன்று திசையை மாற்றிவிடுகிற இடங்களும், வேறோர் இடத்துக்குத் தூக்கிப்போடுகிற இடங்களும் உண்டு. அரை மணி நேரம் கழித்துத்தான் வரைந்தது மொத்தமும் தப்பு என்று தெரியும்.

1988-இல் எஸ்எஸ்ஐ நிறுவனம் வெளியிட்ட பூல் ஆஃப் ரேடியன்ஸ் இன்னொரு வேலை செய்தது. அன்றைய வட்டில் அவ்வளவு எழுத்துக்கு இடமில்லை. அதனால் முக்கியமான கட்டத்தில் "குறிப்பேட்டில் இத்தனாவது பத்தியைப் படி" என்று திரையில் வரும். கூட வந்த அச்சுப் புத்தகத்தைத் திறந்து படிக்க வேண்டும். முன்கூட்டியே புரட்டி எல்லாவற்றையும் படித்துவிடலாமே என்பவர்களுக்காக, அதே புத்தகத்தில் பொய்த் தகவல்களையும் கலந்து வைத்திருந்தார்கள். அந்தக் கேமில் வளர்த்த ஆட்களை அடுத்து வந்த மூன்று பாகங்களுக்கும் கூட்டிப் போகலாம். கடைசிப் பாகம் 1991-இல் வந்தது. மூன்று வருஷம் ஒரே ஆறு பேரோடு!

இடையில் 1985-இல் வந்த பார்ட்ஸ் டேலையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். அதில் செட்டுக்கு ஒரு பாடகன் உண்டு. அவன் பாடினால் மற்றவர்களுக்குப் பலம் கூடும். பாடிப் பாடித் தொண்டை வற்றிவிட்டால் சாராயக் கடைக்குக் கூட்டிப்போய் ஊற்றிக்கொடுத்தால்தான் மறுபடி வாயைத் திறப்பான். நம் ஊர்க் கச்சேரிகளிலும் இப்படிப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பால்டர்ஸ் கேட்டின் முதல் ஒரு மணி நேரம் எப்படி இருக்கும்?

அவமானமாக இருக்கும். சத்தியமாகச் சொல்கிறேன்.

கேண்டில்கீப் என்ற கோட்டை. உள்ளே பெரிய நூலகம். நீங்கள் அங்கே வளர்ந்த அநாதை. வளர்த்தவர் கோரியன் என்ற முதியவர். கிடங்கில் எலி அடிப்பது, மாட்டுக்கு மருந்து வாங்கிக் கொடுப்பது என்று சில்லறை வேலைகளோடு கேம் தொடங்குகிறது. "உடனே ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டும்" என்கிறார் கோரியன், காரணம் சொல்லவில்லை. அன்று இரவே நடுவழியில் கவசம் பூண்ட ஒருவன் மறித்து அவரைக் கொன்றுவிடுகிறான். நீங்கள் ஓடுகிறீர்கள். விடிந்து பார்த்தால் கூட இருப்பது, கோட்டையிலிருந்து யாருக்கும் சொல்லாமல் பின்தொடர்ந்து வந்த இமோயென் மட்டும். சின்ன வயதிலிருந்து கூட வளர்ந்தவள், விளையாட்டுப் பிள்ளை, குட்டித் திருடி.

இரண்டு பேர். அதில் நீங்கள் மந்திரவாதி என்றால் உயிர்ப் புள்ளி 4. உடல்வலு நன்றாக இருந்தால் 6. ஒரு நாளைக்கு ஒரே ஒரு மந்திரம். அதைப் போட்டபின் எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தால்தான் அடுத்தது. காட்டில் ஓர் ஓநாய் வந்தால் கதை முடிந்தது. நாயகன் செத்தால் கேமும் முடிந்தது. தப்பிப் பிழைத்து, கோரியன் சொல்லிவிட்டுப் போன பிரெண்ட்லி ஆர்ம் சத்திரத்துக்கு வந்து சேர்கிறீர்கள். அப்பாடா என்று படியேறும்போது, வாசலில் நிற்கிற ஒருவன் நல்லவனைப்போல ஊர், பெயர் விசாரித்துவிட்டு மந்திரம் போடத் தொடங்குவான். உங்கள் ஆட்கள் மிரண்டு ஆளுக்கொரு திசையில் ஓடுவார்கள். சத்திரத்தின் வாசலில், உள்ளே நண்பர்கள் காத்திருக்க, வெளியே சாவு. இந்தக் கேமை ஆடியவர்கள் அத்தனை பேரும் அந்த ஆளிடம் ஒரு தடவையாவது செத்திருப்பார்கள். முகம் தெரியாத இருவர் சந்தித்துப் பேச இந்த ஒரு படிக்கட்டு போதும்.

ஆறு பேரை ஒரே நேரத்தில் எப்படிச் சமாளிப்பது?

ஸ்பேஸ் பார். அதை அழுத்தினால் உலகம் உறைந்து நிற்கும். நிறுத்தி, ஆறு பேருக்கும் தனித்தனியாக வேலை சொல்லிவிட்டு, மறுபடி அழுத்தினால் எல்லோரும் ஒரே சமயத்தில் செய்வார்கள். முறை வைத்து அடித்துக்கொண்ட பழைய கேம்களுக்கும், அந்தக் காலத்தில் கொடிகட்டிப் பறந்த போர் வியூக கேம்களின் வேகத்துக்கும் நடுவே ஒரு சமரசம் இது. சுகமான சமரசம். வீட்டில் யாராவது கூப்பிட்டாலும் ஸ்பேஸ் பார்தான். நான் கடைக்குப் போய்ப் பால் வாங்கி வரும்வரை பூதத்தின் கோடாரி அந்தரத்தில் நின்றிருக்கிறது.

"தேக்கோ" என்று ஒன்று வருகிறதே, தலை சுற்றுகிறது.

எல்லோருக்கும் சுற்றும். கேம் பின்பற்றியது டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் இரண்டாம் பதிப்பு விதிகளை. அதில் கவசம் நல்லதாக நல்லதாக எண் குறையும். வெற்று உடம்புக்கு 10. நல்ல இரும்புக் கவசத்துக்கு 1 அல்லது 2. அதற்கும் மேலே என்றால் பூஜ்யத்துக்குக் கீழே, மைனஸில் போகும்.

தேக்கோ என்பது கவச எண் பூஜ்யமாக உள்ள ஒருவனை அடிக்க 20 முகப் பகடையில் உங்களுக்கு விழ வேண்டிய எண். புதிய ஆளுக்கு 20. எதிரியின் கவச எண் 5 என்றால் 20-லிருந்து 5 போக 15. பகடையில் 15 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அடி படும். எதிரியின் எண் மைனஸ் 2 என்றால் 22 வேண்டும், அப்படி ஒரு எண்ணே பகடையில் இல்லை. ஆனாலும் 20 விழுந்தால் எப்போதும் அடி படும் என்று ஒரு கருணை விதி. ஆக, தேக்கோவும் குறையக் குறைய நல்லது, கவச எண்ணும் குறையக் குறைய நல்லது. இதை நான் அப்போது கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் போட்டுப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். பள்ளியில் குறை எண்களைக் கூட்டிக் கழிக்க அவ்வளவு அக்கறை காட்டியதில்லை.

செத்ததும், முன்பு சேவ் செய்து வைத்த இடத்திலிருந்து மறுபடி ஆடுவது ஏமாற்றா?

இல்லை.

கூட வருகிறவர்களைப் பற்றி எல்லோரும் உருகுகிறார்கள். அப்படி என்ன இருக்கிறது?

முதல் பாகத்தில் 25 பேர் சேரக் காத்திருக்கிறார்கள். நீங்கள் ஐந்து பேரைத்தான் கூட்டிப்போக முடியும். சத்திரத்துக்குள் காத்திருந்தார்கள் என்றேனே, அவர்கள் காலித், ஜஹீரா, புருஷன் பெண்டாட்டி. அவன் திக்கித் திக்கிப் பேசுகிறவன், அவள் பேச்சில் வீட்டு நிர்வாகம் தெரியும். ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு இன்னொருவரை அனுப்ப முடியாது. இருவரும் சேர்ந்தே வருவார்கள், சேர்ந்தே போவார்கள். வழியில் இன்னொரு ஜோடி, ஸாரும் மான்டரோனும். ஒருவன் பைத்தியம், இன்னொருவன் கொலைகாரன். இந்த இரண்டு ஜோடியையும் ஒன்றாக வைத்திருந்தால் முதலில் குத்தல் பேச்சு, பிறகு முறைப்பு, ஒருநாள் நடுக்காட்டில் உங்கள் கண்ணெதிரே வெட்டிக்கொள்வார்கள். நற்பெயர் ஏறினால் கடைக்காரர்கள் விலை குறைப்பார்கள், ஆனால் கூட இருக்கிற கெட்டவர்கள் முணுமுணுக்கத் தொடங்கி, கடைசியில் கிளம்பியே விடுவார்கள்.

பிறகு மின்ஸ்க். தலையில் அடிபட்டு மூளை கொஞ்சம் கலங்கிய மாவீரன். மடியில் பூ என்ற குட்டி வெள்ளெலி. அது சாதாரண எலி இல்லை, விண்வெளியிலிருந்து வந்த ராட்சத எலி இனத்தின் குட்டி வடிவம் என்று அவன் அடித்துச் சொல்வான். சண்டையில் எதிரியின் கண்ணைப் பார்த்துப் பாயும்படி அந்த எலியை ஏவுவான். இவன் முதலில் கணினியில் பிறந்தவன் இல்லை; தலைமை வடிவமைப்பாளர் ஜேம்ஸ் ஓலன் நடத்திய மேசை விளையாட்டில் அவருடைய நண்பர் ஒருவர் ஆடிய பாத்திரம். நண்பர்கள் மேசையிலிருந்து நேராகக் கணினிக்குள் வந்துவிட்டான் என்பது எனக்குப் பிடித்த செய்தி.

ஆனால் இதைக் கவனியுங்கள். முதல் பாகத்தில் இவர்கள் பேசுவது மிகக் குறைவு. கிளிக் செய்தால் ஒரு வசனம், களைத்தால் ஒரு வசனம், யாராவது செத்தால் ஒரு வசனம். ஆளுக்குச் சில டஜன் வரிகள் தேறலாம். மீதியெல்லாம் மௌனம். அந்த மௌனத்தில்தான் விஷயம் இருக்கிறது. ஓர் அம்பில் இமோயென் விழ, இரண்டு புள்ளி உயிரோடு காலித் முன்னால் போய் நின்றால், அவன் ஏன் அப்படிச் செய்தான் என்று நாம்தான் யோசித்துக்கொள்வோம். செய்யச் சொன்னதே நாம்தான் என்பது மறந்துபோகும். இரண்டாம் பாகத்தில், அது 2000-இல் வந்தது, எல்லோருக்கும் நிறைய வசனம், சொந்தக் கதை, காதல், சண்டை எல்லாம் கொடுத்தார்கள். அது சிறந்த கேம், மறுக்கவில்லை. ஆனால் முதல் பாகத்தின் ஆட்கள் நான் பாதி எழுதியவர்கள். இரண்டாம் பாகத்தின் ஆட்களை முழுக்க வேறு யாரோ எழுதினார்கள். ஏக்கம் எனக்கு வருவது முதலாமவர்கள் மேல்தான்.

ஆறு பேரையும் நாமே உருவாக்குகிற கேம் உண்டா?

ஐஸ்விண்ட் டேல், 2000. இன்டர்பிளேயின் பிளாக் ஐல் பிரிவு செய்தது. பால்டர்ஸ் கேட்டை ஓட்டிய அதே அடிப்படை மென்பொருள், இன்ஃபினிட்டி எஞ்சின்தான். பனி மலை, குகை, சண்டை, மறுபடி சண்டை. ஜெரமி சோலின் இசை. ஈஸ்ட்ஹேவன் என்ற உறைந்த ஊருக்குள் நுழையும்போது ஒலிப்பது இன்றும் மார்கழிக் காலையில் எனக்குத் தானாகக் கேட்கும். ஆட்கள் யாரும் கதையோடு வருவதில்லை. பெயர், முகம், குரல் எல்லாம் நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும்.

நான் பத்தாம் வகுப்புத் தோழர்கள் ஐந்து பேரின் பெயரைப் போட்டேன். வகுப்பில் எங்களுக்குப் பாதுகாவலனாக இருந்த தடியனை முன்வரிசையில் நிறுத்தினேன். அவன் இரண்டாவது குகையிலேயே செத்துப்போனான். அன்றைக்கு அவன் வீட்டுக்குப் போன் போட்டுப் பேசினேன். எதற்குக் கூப்பிட்டேன் என்று சொல்லவில்லை.

பிளேன்ஸ்கேப்: டார்மென்ட் ஆடலாமா?

கேம் ஆடுகிற மனநிலையில் வேண்டாம். நாவல் படிக்கிற மனநிலையில் ஆடுங்கள். 1999 டிசம்பரில் வந்தது. 8 லட்சம் ஆங்கிலச் சொற்கள் என்று கணக்குச் சொல்வார்கள். பிணவறையில் கண் விழிக்கிறீர்கள். பெயர் நினைவில்லை, சாவும் வருவதில்லை. செத்தால் மறுபடி எழுவீர்கள். சில இடங்களில் செத்தால்தான் வழியே திறக்கும். கூட வருவது பறக்கிற மண்டையோடு ஒன்று, வாயாடி. வாளைவிடப் பேச்சால் ஜெயிக்கிற கேம். கடைசிச் சண்டையைக்கூடப் பேசித் தீர்க்கலாம். வந்த காலத்தில் பெரிதாக விற்கவில்லை. புகழ் பிறகுதான் சேர்ந்தது.

உண்மையைச் சொல்லுங்கள்: இதெல்லாம் பழைய நினைவு மயக்கம்தானே?

பாதி. ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

அந்த ஆறு பேருக்கும் ஒழுங்காக நடக்கத் தெரியாது. குறுகிய சுரங்கத்தில் ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொண்டு, முன்னால் இருப்பவன் நகரும்வரை காத்திருக்காமல் ஒருவன் மட்டும் சுற்றுப்பாதையில் போய் எதிரிக் கூட்டத்தின் நடுவே நிற்பான். அம்பு 20 தான் ஒரு கட்டு. பை முழுக்க அம்புக்கட்டு அடுக்குவதிலேயே பாதி நேரம் போகும். ஊரைவிட்டு வெளியேற எல்லையைத் தொட்டால், கனத்த ஒரு குரல் "உன் கூட்டத்தை ஒன்றுசேர்த்துக்கொண்டு வா" என்கிற பொருளில் அதட்டும். ஆறு பேரும் எல்லைக்கு வந்தால்தான் அடுத்த ஊர். ஐந்து பேர் இங்கே நிற்க, ஆறாவது ஆள் எங்கோ ஒரு வீட்டு மூலையில் மாட்டிக்கொண்டிருப்பான். ஒரே வாக்கியம், ஆயிரம் முறை. அந்தக் குரலை அன்று திட்டாத நாளில்லை.

பால்டர்ஸ் கேட் ஐந்து சிடிகளில் வந்தது. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போனால் தட்டை மாற்றச் சொல்லும். எனக்கு அத்தானிடமிருந்து கைமாறி வந்த ஐந்தில் ஒன்றில் கீறல். சில இடங்களுக்குள் நுழைந்தால் கேம் அப்படியே நின்றுவிடும். ஏறக்குறைய ஒரு வருஷம் அந்த இடங்களில் என்ன இருக்கும் என்று கற்பனை செய்துகொண்டே இருந்தேன். பிற்பாடு நல்ல பிரதி கிடைத்துப் போய்ப் பார்த்தபோது, நான் கற்பனை செய்ததில் கால்வாசிகூட அங்கே இல்லை.

மீதிப் பாதி மயக்கம் இல்லை. சந்தேகம் வந்தால் கேட்க ஆள் கிடையாது. தேடிப் பார்க்க இணையம் வீட்டில் இல்லை. நாஷ்கல் சுரங்கத்தில் இரும்பு ஏன் கெட்டுப்போகிறது, எல்லா வாளும் ஏன் பொட்டென்று உடைகிறது என்பதை நானும் அந்த ஐந்து பேரும்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. நன்றாகச் செய்யப்பட்ட கேம் என்பதற்கு வேறு சாட்சியும் உண்டு: அது வந்தபோது பிறந்தேயிராதவர்கள் இன்றைக்கு ஆடி ரசிக்கிறார்கள். அவர்களுக்கு மயங்குவதற்குப் பழைய நினைவே கிடையாது.

பார்க்க அழகாக இருக்குமா, சகிக்க வேண்டுமா?

பின்னணிப் படங்கள் இன்றும் அழகு. அந்தக் காலத்து முப்பரிமாணக் கேம்கள் இப்போது அட்டைப்பெட்டி ஒட்டியதுபோல் தெரியும். இன்ஃபினிட்டி எஞ்சின் கேம்களில் ஒவ்வோர் இடமும் முன்கூட்டியே தீட்டி முடித்த ஒரே பெரிய ஓவியம்; அதன்மேல் பொம்மைகள் நடக்கும். ஓவியத்துக்கு வயதாவதில்லை. நடக்கிற பொம்மைகளுக்கு ஆகிவிட்டது. மழை வந்தால் மரங்களின்மேல் சரிந்து பெய்யும், இடி இடிக்கும். நான் பலமுறை சண்டைக்குப் போகாமல் சும்மா நிறுத்திப் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவு நன்றாக இருந்தால் ஏன் நின்றுபோயின?

பணம், பரிமாணம், பிளேஸ்டேஷன். எல்லோரும் முப்பரிமாணத்துக்கும் டிவி முன்னால் ஆடுகிற கேம்களுக்கும் போனார்கள். வெளியீட்டாளர் இன்டர்பிளே கடனில் மூழ்கி, 2003 டிசம்பரில் பிளாக் ஐலை மூடியது. பிறகு சுமார் எட்டு வருஷம் வறட்சி. 2012-இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் தளத்தில், "பழையபடி ஒன்று செய்கிறோம், முன்பணம் தருவீர்களா?" என்று கேட்டார்கள். வேஸ்ட்லேண்ட் 2-க்கு 29 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. முன்னாள் பிளாக் ஐல் ஆட்கள் இருந்த அப்சிடியன் நிறுவனத்தின் பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டிக்கு ஏறக்குறைய 40 லட்சம். வளர்ந்து வேலைக்குப் போய்விட்ட பையன்கள் தங்கள் சம்பளத்தில் கட்டிய மொய் அது. பெல்ஜியத்தின் லேரியன் நிறுவனமும் அதே வழியில் வந்து, பிறகு பால்டர்ஸ் கேட் 3 வரை போய்விட்டது.

பால்டர்ஸ் கேட் 3 பிடித்தவர்களுக்குப் பழையது பிடிக்குமா?

உத்தரவாதம் இல்லை. புதியதில் நான்கே பேர், முறை வைத்துச் சண்டை, எல்லோர் முகமும் அருகில், எல்லாவற்றுக்கும் குரல். பழையதில் உங்கள் ஆட்கள் கட்டைவிரல் உயரம். புதியதில் ஜஹீராவும் மின்ஸ்க்கும் நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து வருகிறார்கள். பழையதை ஆடியவர்களுக்கு ஜஹீராவைக் கண்டதும் தொண்டை அடைக்கும். அவள் ஏன் தனியாக வருகிறாள் என்று தெரிய வேண்டுமானால் இரண்டாம் பாகத்தின் முதல் நிலவறையை ஆட வேண்டும். மேலே சொல்லமாட்டேன்.

இப்போது எப்படி ஆடுவது? போனில் ஓடுமா?

2012-இல் தொடங்கி பீம்டாக் நிறுவனம் பழைய கேம்களைத் தட்டிச் சீர்செய்து "என்ஹான்ஸ்டு எடிஷன்" என்று வெளியிட்டது. கணினி, ஐபேட், ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும் ஓடும். போன் திரையில் ஆறு பேரைத் தொட்டு இழுப்பது பெருவிரலுக்குத் தண்டனை, டேப்லெட் பரவாயில்லை. பழைய லேப்டாப்பே போதும், விலை உயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு எதுவும் தேவையில்லை. தள்ளுபடிக் காலம் பார்த்து வாங்குங்கள், அடிக்கடி வரும். ஐஸ்விண்ட் டேல் 2-க்கு மட்டும் இப்படி ஒரு பதிப்பு இல்லை. அதன் மூல நிரலைத் தேடிப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. 2002-இல் வந்த கேமின் மூலப்பிரதி அதற்குள் தொலைந்துவிட்டது. நம் ஓலைச்சுவடிகள் இதைவிட நன்றாகத் தாக்குப்பிடித்தன.

தமிழில் இருக்கிறதா?

இல்லை. இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்குப் போலந்தைப் பாருங்கள். 1999-இல் அங்கே சிடி பிராஜெக்ட் என்ற சிறிய விநியோக நிறுவனம் பால்டர்ஸ் கேட்டைப் போலிஷ் மொழியில் கொண்டுவந்தது. வெறும் எழுத்தை மாற்றவில்லை. பேர்பெற்ற நடிகர்களைக் குரல் கொடுக்க வைத்து, தடித்த பெட்டியில் வரைபடத்தோடு விற்றது. ஒரு தலைமுறை தன் தாய்மொழியில் அந்தக் காட்டில் நடந்தது. அதே நிறுவனம்தான் பின்னால் விட்சர் கேம்களைச் செய்தது, பழைய கேம்களை விற்கும் ஜிஓஜி கடையையும் திறந்தது.

நான் அகராதியோடு உட்கார்ந்தவன். கவசத்தின் பகுதிகளுக்கும், ஈட்டி வகைகளுக்கும், பழங்காலச் சத்திரத்துச் சாமான்களுக்கும் எனக்குத் தெரிந்த ஆங்கிலச் சொற்கள் ஏராளம். வேலைக்கான நேர்முகத் தேர்வில் ஒன்றுகூடப் பயன்படவில்லை.

எதிலிருந்து தொடங்கலாம்?

பொறுமை இருந்தால் பால்டர்ஸ் கேட் 1, எளிய நிலையில். நாயகனை மந்திரவாதி ஆக்காதீர்கள், வாள்காரனாக எடுத்துக்கொள்ளுங்கள். காண்பவர்களுக்கெல்லாம் வில் வாங்கிக் கொடுங்கள்; தொடக்கத்தில் தூரத்திலிருந்து அடிப்பதுபோல் எதுவும் உதவாது. சத்திரப் படி ஏறுமுன் சேவ் செய்யுங்கள். பொறுமை இல்லையென்றால் நேரே இரண்டாம் பாகம்.

பழைய சேவ் ஃபைல் எதுவும் வைத்திருக்கிறீர்களா?

ஒன்றே ஒன்று. பழைய ஹார்ட் டிஸ்க் செத்தபோது மற்றதெல்லாம் போய்விட்டது. ஒரு சிடியில் எழுதி வைத்திருந்த இது மட்டும் தப்பியது. போன மாதம் திறந்தேன். காட்டில் இரவு, மழை. ஆறு பேரும் நிற்கிறார்கள். இமோயெனிடம் மூன்று அம்பு. காலித்துக்கு உயிர் பாதி. எதிரி யாரும் கண்ணுக்குத் தெரியவில்லை. எங்கே போய்க்கொண்டிருந்தோம், ஏன் அந்த இடத்தில் நிறுத்தினேன் என்று நினைவில்லை. குறிப்பேட்டைத் திறந்து பார்த்தேன், அதிலும் இல்லை. ஓய்வெடுக்கிற பொத்தானை அழுத்தினேன், எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தார்கள், மழை விட்டிருந்தது.